தற்கொலை எண்ணத்தை இரத்தம் காட்டிக்கொடுக்குமா?

"தற்கொலை எண்ணத்தை இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம்" என்ற செய்தி சில ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. படிப்பவர்கள் இரண்டு விதமாகக் குழம்புகிறார்கள். எந்த ஆய்வகத்தில் இதைச் செய்கிறார்கள், எவ்வளவு கட்டணம் என்று சிலர் தேடத் தொடங்குகிறார்கள். மனதில் இருப்பது இரத்தத்தில் எப்படித் தெரியும், இதெல்லாம் வெறும் பரபரப்பு என்று வேறு சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டுமே சரியில்லை. ஆய்வு உண்மையானது, முக்கியமானதும்கூட. ஆனால் செய்தித் தலைப்புகள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்று. நோயாளிகளுக்குப் பயன்படக்கூடியது இன்னொன்று.

அதிகம் பேசப்பட்ட ஆய்வு 2023 டிசம்பரில் 'டிரான்ஸ்லேஷனல் சைக்கியாட்ரி' என்ற மருத்துவ இதழில் வெளியானது. அமெரிக்காவின் சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் நவியோவும், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவராகப் பணியாற்றிய லிசா பானும் அதில் முக்கியமானவர்கள். இந்தக் கட்டுரை அந்த ஆய்வைச் சுற்றியே நகரும்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

1. மனச்சோர்வு. நம் நாளிதழ்களில் 'மன அழுத்தம்' என்ற ஒரே சொல் இரண்டு வேறு பொருள்களைச் சுமக்கிறது. தேர்வு நெருங்கும்போதும் கடன் தவணை தள்ளிப்போகும்போதும் ஏற்படும் நெருக்கடி மன அழுத்தம். காரணம் விலகினால் அது பெரும்பாலும் விலகிவிடும். மனச்சோர்வு ஒரு நோய். குறைந்தது இரண்டு வாரங்களாவது, நாளின் பெரும்பகுதி, மனம் இருண்டு கிடப்பது அல்லது எதிலும் நாட்டமில்லாமல் போவது. அதோடு தூக்கம், பசி, கவனம், உடல் வேகம் ஆகியவை குலைவது. தன்னைப் பயனற்றவராக எண்ணுவது. இப்படி ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இருந்தால்தான் மருத்துவர்கள் அந்தப் பெயரைச் சொல்வார்கள். இந்தக் கட்டுரை பேசுவது இரண்டாவதைப் பற்றி.

2. சிகிச்சைக்கு வசப்படாத மனச்சோர்வு. இரண்டு வெவ்வேறு மருந்துகளைப் போதிய அளவில், போதிய காலம் கொடுத்தும் தேறாத நிலையைப் பொதுவாக இப்படிக் குறிப்பிடுகிறார்கள். ஒவ்வொரு மருந்தும் வேலை செய்கிறதா என்று தெரியவே நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அமெரிக்காவில் நடந்த மிகப் பெரிய ஆய்வு ஒன்றில் முதல் மருந்திலேயே முழுமையாகக் குணமானவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்தான். மற்றவர்கள் அடுத்த மருந்து, அதற்கடுத்த மருந்து என்று மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பில்தான் உயிருக்கு ஆபத்து நேர்கிறது.

3. உயிர்க்குறி. உடலில் அளந்து பார்க்கக்கூடிய, ஒரு நோயோடு தொடர்புள்ள அடையாளம். சர்க்கரை நோய்க்கு மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரை. மாரடைப்புக்கு இரத்தத்தில் கசியும் டிரோபோனின் என்ற புரதம். மனநோய்களுக்கு இப்படி ஒன்று வழக்கமான மருத்துவ நடைமுறையில் இதுவரை இல்லை. நோயாளி சொல்வதையும் மருத்துவர் காண்பதையும் வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள்.

ஒரு குழாய் இரத்தத்தில் என்ன தேடினார்கள்?

சிகிச்சைக்கு வசப்படாத மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் உள்ள 99 பேரிடமிருந்தும், வயதிலும் பாலினத்திலும் அவர்களுக்கு இணையான, நோயற்ற 94 பேரிடமிருந்தும் இரத்தம் எடுத்தார்கள். பெரும்பாலும் இளம் வயதினர். வயது வரிசைப்படி நிறுத்தினால் நடுவில் நிற்பவருக்கு 29. அந்த இரத்தத்தின் தெளிந்த பகுதியான பிளாஸ்மாவில் 448 வளர்சிதைப் பொருள்களை அளந்தார்கள்.

சாப்பிட்ட உணவைச் செல்கள் உடைத்து, எரித்து, வேறொன்றாகக் கட்டிக்கொள்ளும்போது உண்டாகும் சிறு மூலக்கூறுகளே வளர்சிதைப் பொருள்கள். சர்க்கரை, கொழுப்புத் துண்டுகள், அமினோ அமிலங்கள், வைட்டமின்களின் மாற்று வடிவங்கள் எல்லாம் இதில் அடக்கம். அடுப்பில் என்ன எரிகிறது என்பதைப் புகைபோக்கியைப் பார்த்து ஊகிக்கலாம் அல்லவா? அதுபோல, செல்களுக்குள் என்ன நடக்கிறது என்பதை இரத்தத்தில் மிதக்கும் இந்தப் பொருள்கள் ஓரளவு சொல்லும்.

அவர்கள் கண்டவற்றில் முக்கியமானவை:

1. நோயாளிகளையும் நோயற்றவர்களையும் பிரித்துக்காட்ட ஐந்து பொருள்களின் அளவு போதுமானதாக இருந்தது. ஆண்களுக்கு ஓர் ஐந்து, பெண்களுக்கு வேறோர் ஐந்து.

2. வேறுபாடுகளில் பெரும்பங்கு கொழுப்புப் பொருள்களில் இருந்தது. ஆண்களில் பாதிக்கு மேல், பெண்களில் முக்கால் பங்கு.

3. சர்க்கரையைச் செல்கள் முழுதாக எரிக்காதபோது மிஞ்சும் லாக்டேட் உயர்ந்திருந்தது, செல்லின் ஆற்றல் உற்பத்தி தடுமாறும்போது கூடும் வேறு சில பொருள்களும் உயர்ந்திருந்தன.

4. கண்ட கோளாறுகளில் 75 சதவீதம் ஆளுக்கு ஆள் வேறுபட்டவை. ஒருவருக்கு ஃபோலேட் என்ற பி வைட்டமின் குறைவு, இன்னொருவருக்குச் செல் ஆற்றல் தயாரிக்க உதவும் கார்னிடின் குறைவு, மற்றொருவருக்கு அதேபோல் உதவும் கோஎன்சைம் க்யூ10 குறைவு.

செய்திகள் முதல் கண்டுபிடிப்பைப் பிடித்துக்கொண்டன. நான்காவதில்தான் இந்த ஆய்வின் உயிர் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

செல்லின் அபாய மணி

ஏன் ஆற்றல் உற்பத்தியைப் பற்றிய பேச்சு? பள்ளிப் பாடத்தில் 'செல்லின் ஆற்றல் நிலையம்' என்று படித்த மைட்டோகாண்ட்ரியா, ஏடிபி என்ற மூலக்கூறைத் தயாரிக்கிறது. செல்லுக்குள் இருக்கும்வரை ஏடிபி எரிபொருள். செல்லைவிட்டு வெளியே கசிந்தால் அதுவே அபாய மணியாகிவிடுகிறது. அக்கம்பக்கத்துச் செல்கள் வழக்கமான வேலையைச் சுருக்கிக்கொண்டு தற்காப்புக்கு மாறுகின்றன. கிருமி தாக்கும்போது இது நல்லது. காய்ச்சலில் படுத்திருக்கும்போது யாரையும் பார்க்கப் பிடிக்காமல், சாப்பிடப் பிடிக்காமல், போர்த்திக்கொண்டு சுருண்டு கிடக்கத் தோன்றுவதை எண்ணிப் பாருங்கள். கிருமி போன பிறகும் அந்த மணி அடங்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் நவியோ எழுப்பும் கேள்வி. செல் அளவில் தாங்கமுடியாமல் போன ஒரு துன்பத்தை நிறுத்தத் துடிக்கும் உடலின் உந்துதலும் தற்கொலை முயற்சியில் கலந்திருக்கலாம் என்று அவர் கருதுகிறார்.

இது கருதுகோள். நிறுவப்பட்ட உண்மையில்லை. ஆற்றல் குறைந்ததால் மனம் சோர்ந்ததா, பல மாதங்களாகத் தூங்காமல், சாப்பிடாமல், அசையாமல் கிடந்ததால் ஆற்றல் குறைந்ததா என்பதை ஒருமுறை எடுத்த இரத்தம் சொல்லாது.

90 சதவீதம் என்ற எண்ணை எப்படிப் படிப்பது?

ஐந்து பொருள்களைக் கொண்டு 100 பேரில் 85 முதல் 90 பேரைச் சரியாக இனம் காண முடியும் என்று ஆய்வாளர்கள் கூறினார்கள். குழப்பம் முழுவதும் இந்த எண்ணிலிருந்தே பிறக்கிறது. ஆகவே நிதானமாகப் பார்ப்போம்.

1. யாரோடு யாரை ஒப்பிட்டார்கள்? ஒரு பக்கம், பல மருந்துகளும் பலிக்காமல் தற்கொலை எண்ணத்தோடு போராடுபவர்கள். மறுபக்கம், எந்த நோயும் இல்லாதவர்கள். நடுவில் இருக்கவேண்டிய கூட்டம் இந்த ஒப்பீட்டில் இல்லை: மனச்சோர்வு உண்டு, தற்கொலை எண்ணம் இல்லை என்பவர்கள். ஆகவே இரத்தத்தில் தெரிந்தது தற்கொலை எண்ணத்தின் அடையாளமா, கடுமையான மனச்சோர்வின் அடையாளமா, நீண்ட காலம் உட்கொண்ட மருந்துகளின் தடயமா என்று பிரிக்க வழியில்லை. 'தற்கொலை எண்ணத்தைக் காட்டும் இரத்தப் பரிசோதனை' என்ற தலைப்பு இந்த இடத்திலேயே நிலைகுலைகிறது.

2. ஊர் முழுவதையும் சோதித்தால்? ஒரு லட்சம் பேர் உள்ள ஊர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 500 பேர் இந்தக் கடுமையான நிலையில் இருப்பதாகக் கணக்குக்காக வைப்போம். பரிசோதனை நோயாளிகளில் 90 சதவீதத்தினரையும், நோயற்றவர்களில் 90 சதவீதத்தினரையும் சரியாகச் சொல்கிறது என்றும் வைப்போம். 500 பேரில் 450 பேர் பிடிபடுவார்கள். 50 பேர் தவறிப்போவார்கள். மீதி 99,500 பேரில் பத்தில் ஒருவருக்குத் தவறாகச் சிவப்பு விளக்கு எரியும்: 9,950 பேர். மொத்தம் 10,400 பேருக்கு 'ஆபத்து' என்று தாள் வரும்; உண்மையில் ஆபத்தில் இருப்பவர்கள் 450 பேர். அதாவது 23 தாள்களில் ஒன்றுதான் சரி. மற்ற 22 குடும்பங்கள் அன்றிரவு எப்படித் தூங்கும்?

3. தவறிப்போகும் அந்த 50 பேர். எனக்கு அதிகம் அச்சம் தருவது இதுதான். நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு வந்து, "என்னால் இனி முடியவில்லை" என்று ஒருவர் சொல்கிறார். தாளில் எல்லாம் இயல்பு என்று வருகிறது. களைத்துப்போன மருத்துவரும் பயந்துபோன உறவினரும் தாளை நம்பி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டால்? வாய் திறந்து சொன்ன ஒருவரின் சொல்லுக்கு மேலாக எந்த ஆய்வக எண்ணையும் வைக்கக் கூடாது.

4. எண்ணம் ஒரே நிலையில் நிற்பதில்லை. தற்கொலை எண்ணம் சில மணி நேரத்திலேயே ஏறும், இறங்கும். அந்த எண்ணம் வந்தவர்களில் பெரும்பாலோர் தற்கொலையால் இறப்பதும் இல்லை. முன்கூட்டிக் கணிப்பது பற்றி 50 ஆண்டுகளில் வந்த 365 ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளியான ஓர் அலசல், வயது, வேலை, முந்தைய நோய் என்று எந்தக் காரணியைக் கொண்டு கணித்தாலும் நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேம்பட்ட பலன்தான் கிடைத்தது என்று காட்டியது. இரத்தம் மட்டும் இதற்கு எளிதில் விலக்காகிவிடாது.

5. குழாயில் நடப்பது. இரத்தம் எடுத்த பிறகும் குழாய்க்குள் சிவப்பணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. பிளாஸ்மாவைப் பிரிக்காமல் மேசையில் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் என்ற கணக்கில் சர்க்கரையைத் தின்று லாக்டேட்டை வெளியே தள்ளும். சர்க்கரைப் பரிசோதனைக்குச் சாம்பல் நிற மூடி போட்ட தனிக் குழாயை ஆய்வகப் பணியாளர் எடுப்பது இதனால்தான். அதிலுள்ள ஃபுளோரைடு அந்தத் தீனியைப் படிப்படியாக நிறுத்துகிறது. நரம்பு தெரியவில்லை என்று கையை இறுக்கிக் கட்டி, விரல்களை மடக்கி மடக்கி விரிக்கச் சொன்னாலே லாக்டேட் ஏறிவிடும். ஆய்வுக்கூடத்தில் மாதிரிகளை உடனே சுழற்றிப் பிரித்துக் கடுங்குளிரில் உறையவைக்கிறார்கள். தெருமுனைச் சேகரிப்பு மையத்தில் எடுத்த இரத்தம் பைக்கில் நகரைச் சுற்றி மாலையில் ஆய்வகம் சேரும்போது, அது நோயாளியின் கதையையும் சொல்லும், பயணத்தின் கதையையும் சொல்லும்.

இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது

இந்தத் தேடல் புதியதல்ல. 1976-ல் ஸ்டாக்ஹோமில் மாரி ஆஸ்பெரி, மூளையையும் முதுகுத்தண்டையும் சூழ்ந்திருக்கும் மூளைத் தண்டுவட நீரில், மூளைச் செய்தியாளரான செரட்டோனின் சிதைந்து உண்டாகும் ஒரு பொருள் குறைவாக இருந்த மனச்சோர்வு நோயாளிகளிடையே தற்கொலை முயற்சி அதிகம் என்று காட்டினார். 1981-ல் பெர்னார்ட் கேரல் குழுவினர், டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்த பிறகும் இரத்தத்தில் கார்டிசால் என்ற நெருக்கடி ஹார்மோன் அடங்காமல் இருப்பது கடுமையான மனச்சோர்வின் அடையாளம் என்றார்கள். அப்போதும் 'மனநோய்க்கு ஆய்வகச் சோதனை வந்துவிட்டது' என்ற உற்சாகம் பிறந்தது. ஆனால் உடல் எடை குறைந்தவர்களுக்கும், மறதி நோய் உள்ளவர்களுக்கும், மதுவை நிறுத்தியவர்களுக்கும் அதே முடிவு வந்தது. சோதனை வழக்கொழிந்தது. 2014-ல் எஸ்கேஏ2 என்ற மரபணு பற்றி ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த செய்தியும் இதே ஆரவாரத்தோடுதான் வெளியானது.

இவற்றில் எதுவும் வீண் உழைப்பு இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைத்தான் இரத்தத்திடம் கேட்டோம்: "யார் உயிரை மாய்த்துக்கொள்வார்?" கேள்வியை மாற்றினால் பதில் பயனுள்ளதாகிறது.

கேட்க வேண்டிய கேள்வி: இவருக்கு எது குறைகிறது?

2023 ஆய்வுக்குப் பல ஆண்டுகள் முன்பே, லிசா பானும் சக மனநல மருத்துவர் டேவிட் பிரென்ட்டும் பிட்ஸ்பர்க்கில் ஓர் இளைஞருக்குச் சிகிச்சை அளித்துவந்தார்கள். பல ஆண்டு மனச்சோர்வு, தற்கொலை முயற்சி, கொடுத்த எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் அவருடைய மூளைத் தண்டுவட நீரைச் சோதித்தபோது பயாப்டெரின் என்ற பொருள் மிகக் குறைவாக இருந்தது தெரிந்தது. செரட்டோனின், டோபமின் போன்ற மூளைச் செய்தியாளர்களை உடல் தயாரிக்க அது வேண்டும். கருவியே இல்லாத பட்டறையில் எந்த மருந்து என்ன செய்யும்? அதன் மாற்று வடிவத்தை மருந்தாகக் கொடுத்தார்கள். அறிகுறிகள் பெருமளவு மறைந்தன. அவர் கல்லூரிப் படிப்பைத் தொடரும் நிலைக்கு வந்தார்.

ஒருவர் கதையை வைத்து முடிவுக்கு வர முடியாது என்பதால், இதேபோல் தேறாத 33 பேரைச் சோதித்தார்கள். 21 பேரின் மூளைத் தண்டுவட நீரில் ஏதாவது ஒரு கோளாறு இருந்தது. ஒப்பீட்டுக்காகச் சோதித்த 16 பேரில் ஒருவருக்கும் அப்படி இல்லை. அதிகம் காணப்பட்டது மூளையில் ஃபோலேட் குறைபாடு, 12 பேருக்கு. அவர்களுக்கு ஃபோலேட்டின் ஒரு வடிவமான ஃபோலினிக் அமிலம் கொடுத்தபோது மனச்சோர்வு அறிகுறிகள் குறைந்தன. மருந்தே இல்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்டுச் செய்த சோதனை இல்லை என்பதால் இதை உறுதியான நிரூபணமாகக் கொள்ள முடியாது. என்றாலும் எல்லாக் கதவும் அடைபட்டவர்களுக்கு இது சிறிய செய்தி இல்லை.

இதில் ஒரு சிக்கலையும் கவனிக்க வேண்டும். அந்த 12 பேரின் இரத்தத்தில் ஃபோலேட் இயல்பாகவே இருந்தது! இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே ஒரு காவல் அரண் உண்டு. ஃபோலேட்டை அதன் வழியே உள்ளே அழைத்துச்செல்லத் தனி வாகனம் வேண்டும். அந்த வாகனம் பழுதானால் வெளியே நிறைந்திருக்கும், உள்ளே பஞ்சம் நிலவும். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுப்பதை எல்லாருக்கும் செய்ய முடியாது. 2023 ஆய்வு 448 பொருள்களை இரத்தத்திலேயே தேடியதை இந்தப் பின்னணியில் பார்க்கலாம்: சாதாரணச் சோதனை தவறவிடும் குறையை விரிவான சோதனை பிடிக்குமா? ஆளுக்கு ஆள் மாறும் அந்த 75 சதவீதம் இங்கேதான் பொருள் பெறுகிறது. எல்லாருக்கும் பொதுவான சிவப்பு விளக்கு அதில் இல்லை. ஒவ்வொருவருக்கும் எதைச் சரிசெய்யலாம் என்ற பட்டியல் இருக்கக்கூடும்.

அழற்சி பற்றிய ஆய்வுகளும் இதே பக்கம்தான் கைகாட்டுகின்றன. 2013-ல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் 60 பேருக்கு இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற அழற்சி எதிர்ப்பு மருந்தையோ போலி மருந்தையோ கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் வேறுபாடு இல்லை. இரத்தத்தில் சிஆர்பி என்ற அழற்சிக் குறி லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தவர்களுக்கு மட்டும் மருந்து உதவுவதுபோல் தெரிந்தது. எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்று பிரிக்க இரத்தம் உதவக்கூடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. சிஆர்பி பல் சீழ் பிடித்தாலும் ஏறும் என்பதால் அதை வைத்து மனச்சோர்வை அறிவிக்க முடியாது.

இன்று நம் ஊரில் எதைச் சோதிப்பதில் பொருள் இருக்கிறது?

ஐந்து பொருள் சோதனை இங்கே மருத்துவர் எழுதிக்கொடுக்கும் பட்டியலில் இல்லை. ஆனால் மனச்சோர்வுக்காகப் போகும்போது மருத்துவர் சில இரத்தப் பரிசோதனைகளை எழுதுவார். அவை மனச்சோர்வைக் கண்டுபிடிக்க அல்ல. மனச்சோர்வைப் போலவே வேடமிடும் உடல் கோளாறுகளைக் கண்டுபிடிக்க.

1. தைராய்டு: சுரப்பு குறைந்தால் அசதி, மந்தம், ஆர்வமின்மை எல்லாம் வரும்.

2. ஹீமோகுளோபின்: 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. 'எப்போதும் சோர்வாகவே இருக்கிறாள்' என்று வீட்டில் சொல்லப்படும் எத்தனையோ பெண்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது இது.

3. வைட்டமின் பி12: முழுச் சைவ உணவு உண்பவர்களும், சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகளாக எடுப்பவர்களும் இதைக் கட்டாயம் கேட்டுச் சோதித்துக்கொள்ளலாம்.

'செரட்டோனின் அளவு' என்று விற்கப்படும் இரத்தப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். உடலின் செரட்டோனினில் ஏறத்தாழ 90 சதவீதம் குடலில் உண்டாவது. இரத்தத்தில் இருப்பது மூளையைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆய்வுச் செய்தியைப் படித்துவிட்டு ஃபோலிக் அமில மாத்திரையைத் தாமாக வாங்கி விழுங்குவதும் ஆபத்து. பி12 குறைபாடு இருந்தால், ஃபோலிக் அமிலம் இரத்தசோகையை மட்டும் மறைத்துவிடும். உள்ளே நரம்புச் சேதம் சத்தமின்றித் தொடரும். மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு ஊட்டச்சத்து மாத்திரைக்கு மாறுவது அதைவிட ஆபத்து.

இப்படி ஒரு சோதனைக்காக மக்கள் ஏங்குவது ஏன் என்பது எனக்குப் புரிகிறது. நம் வீடுகளில் மனச்சோர்வு 'சோம்பல்' என்றும் 'கொழுப்பு' என்றும் 'கண்ணேறு' என்றும் பெயர் வாங்குகிறது. உடம்பெல்லாம் வலிக்கிறது, சோறு இறங்கவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று பொது மருத்துவரிடம் போனால், எல்லாம் இயல்பு என்ற தாள் வருகிறது. தாள் சரியாக இருந்தால் ஆளும் சரியாக இருக்கவேண்டும் என்று வீடு முடிவுகட்டுகிறது. இயல்புக்கு மேல் ஓர் எண், அதன் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு குறி. அது இருந்தால் போதும், அப்பாவும் அம்மாவும் நம்பிவிடுவார்கள் என்று ஒரு பிள்ளை நினைப்பதில் என்ன தவறு? அந்த எண் வரும்வரை அந்தப் பிள்ளையின் சொல்லையே நம்பவேண்டியது நம் பொறுப்பு.

இரத்தம் எடுக்காமல் கேட்கலாம்

தற்கொலை பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தையும் விதைத்துவிடுவோம் என்ற பயம் பலருக்கு உண்டு. நியூயார்க் மாநிலத்தின் ஆறு பள்ளிகளில் 2,342 மாணவர்களிடம் இதைச் சோதித்து, 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பாதிப் பேரிடம் தற்கொலை பற்றிய கேள்விகள் கேட்கப்பட்டன, மறுபாதியிடம் கேட்கப்படவில்லை. கேட்கப்பட்டவர்களிடம் துயரமோ எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்குக் கேட்கப்பட்டதே சற்று ஆறுதலாக இருந்ததுபோல் தெரிந்தது.

ஆகவே சுற்றி வளைக்காமல் கேட்கலாம்: "உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா?" ஆம் என்றால் அறிவுரையைத் தள்ளிவைத்து, முழுவதும் கேட்டு, தனியே விடாமல், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம். உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால், இந்த நொடியில் பேச ஆள் இருக்கிறார்கள். இந்தியா முழுவதும் மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. தமிழ்நாட்டில் அரசின் 104. சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு மையமான சிநேகா 044-24640050. இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றி, இரவிலும் பகலிலும், தமிழிலேயே பேசலாம்.